பாமரக் கண்

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் ரோவீனா.

லிண்டால் கூடாரத்துக்கு வெளியே மழைக்கோட்டோடு உட்கார்ந்து, காலுறையை உருட்டிவிட்டு, கெண்டைக்காலில் ஒட்டியிருந்த அட்டைகள்மேல் உப்பைத் தூவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எட்டு."

"மார்க்கைக் கேக்கல. அதான் கொடுத்தாச்சே. எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன்."

"எட்டு மாதிரி இருந்துச்சு."

"எனக்கு மூச்சே நின்னுடுச்சு லின். அந்த மேகம் மலையிலிருந்து கழண்டு அப்படியே தண்ணிமேல இறங்குச்சே, பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன். ரெண்டு கண்ணும் இருந்த இடத்துலதானே இருக்கு."

"அப்புறம்?"

"வீட்டுக் கூரையில ஒரு தகரம் ஆணி கழண்டு ஆடிட்டிருக்கு. அதை நினைச்சிட்டிருந்தேன்."

ரோவீனா சிரித்தாள். லிண்டால் சிரிக்கவில்லை. இன்னொரு அட்டை சுருண்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிரிக்காதேடி. அந்த ஏரிக்கு முன்னாடி நின்னப்போ எனக்குள்ள இருந்தது அந்தத் தகரம் ஒண்ணுதான்."

"பின்ன எட்டு எங்கேருந்து வந்துச்சு?"

"காய்ச்சல்ல நாக்குச் செத்த சமையல்காரி குழம்புல உப்புப் போடுறதில்லையா? கைக்கு அளவு தெரியும். மலை செங்குத்து. தண்ணி கறுப்பு. அந்தப் பக்கம் ஒரு கீத்துப் பனி. எட்டு. பனி இல்லேன்னா ஏழு. இதுக்கு மனசு எதுக்கு?"

"இது எப்போலேருந்து?"

"யாரு கண்டா? முடி நரைக்கிறது மாதிரிதான். ஒருநாள் கண்ணாடியைப் பார்த்தா நரைச்சிருக்கு."

"என்கிட்டக்கூடச் சொல்லலையே."

"என்னன்னு சொல்றது? பல்லு வலின்னா சொல்லலாம்."

கூடாரத்துக்குள்ளிருந்து ஆல்டன் கத்தினார். "பொம்பளைங்க ரெண்டு பேரும் ஊர் வம்பை முடிச்சிட்டீங்கன்னா டீ ஆறுது!"

"யோவ், ஆறட்டும். உன் டீ சூடா இருந்தாலும் அதே சேத்துத் தண்ணிதான்," என்று லிண்டால் திரும்பாமலேயே பதில் கொடுத்தாள். பிறகு குரலை இறக்கினாள். "குளிர்காலத்துல நான் அந்த விசாரணை அறையில எழுந்து நின்னு கையைத் தூக்கிச் சொல்லணும். 'அந்த இடத்தில் நின்றபோது என்னுள் எழுந்ததற்கே இந்த மதிப்பெண்'ணு. ஒண்ணும் எழும்பலையே ரோ. எப்படிச் சொல்றது?"

அந்தக் கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் ரோவீனா நினைத்தது, அவர்கள் மதிப்பெண் போட வந்திருந்த டால்மர் பள்ளத்தாக்கின் கதியைத்தான். அதற்கு அப்புறம்தான் லிண்டாலைப் பற்றி நினைத்தாள்.

டாஸ்மேனியாவின் மேற்குக் கரையில், ஸ்ட்ரான் துறையிலிருந்து படகில் போய், ஆற்றில் ஏறி, அதன்பின் நாள்கணக்கில் சேற்றில் நடந்தால் வருவது டால்மர். அங்கே தகரத் தாது வெட்டியெடுக்க ஒரு கம்பெனி பாதை கேட்டிருந்தது. பாதையைத் தடுக்க ஒரே வழி, இயற்கை அழகுக்கான பாரம்பரியப் பட்டியலில் பள்ளத்தாக்கை ஏற்றுவது. சாதாரணமாக ஓர் இடத்தின் அழகுக்குச் சாட்சிகள் நிறைய இருக்கும். யாராவது அதை ஓவியமாகத் தீட்டியிருப்பார்கள், அஞ்சலட்டையில் அச்சடித்திருப்பார்கள், தேனிலவுக்குப் போய் எதிரே நின்று படம் எடுத்திருப்பார்கள். டால்மருக்கு அஞ்சலட்டை இல்லை. போனவர்கள் சொற்பம், போனவர்களும் மழையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. வெள்ளைக்காரர்கள் வருமுன் தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பேசும் கூட்டம் வேறொரு நாளில் வேறொரு அறையில் நடக்கும். அது பண்பாடு. இது அழகு. "நடுவுல சுவரை யாருப்பா கட்டினது?" என்று லிண்டால் ஒருமுறை கேட்டு, தலைமை அதிகாரியைத் தண்ணீர் குடிக்க வைத்தாள்.

ஆகவே டால்மருக்கு இருந்த சாட்சி மூன்றே பேர். மலையமைப்பு படித்த ரோவீனா. அந்தக் காடுகளை அளந்து ஓய்வுபெற்ற ஆல்டன். படிப்பும் தொழிலும் எதுவுமில்லாமல் வெறும் மனுஷியாகப் பார்க்க லிண்டால். மூவரில் ஒருவர் பத்துக்கு ஏழுக்குக் கீழே போனாலும் இடம் விழுந்துவிடும். அழகுக்கு மதிப்பெண் போடும் இந்தக் குழுவில் அந்த மூன்றாவது இருக்கைக்குப் பெயர் பாமரக் கண். சட்டமே அதைக் கேட்டது. படித்தவர்கள் மட்டும் கூடி அழகு என்றால் அது அழகாகிவிடாது, வழியில் போகிற ஒருத்திக்கும் அது அழகாகப் பட வேண்டும் என்பது அதன் நியாயம்.

லிண்டால் ப்ராட்ரிப் நிஜமாகவே வழியில் போனவள்தான். பிறந்து வளர்ந்தது குவீன்ஸ்டவுனில். உருக்காலைப் புகையிலும் விறகு வெட்டிலும் மரம் மட்டை எல்லாம் போய், மழை மண்ணையும் அரித்துக்கொண்டு போக, மொட்டையாக, ரோஜாவும் மஞ்சளுமாக நிற்கும் குன்றுகளுக்கு நடுவில் இருக்கும் ஊர் அது. அப்பா சுரங்கத்தில் வேலை. அவளுக்குக் குன்று என்றால் மொட்டையாகத்தான் இருக்கும். சிறுமியாக இருந்தபோது சித்தி வீட்டுக்கு ஹூவான் பக்கம் கூட்டிப்போனார்கள். பச்சையாகப் புதர் மண்டிய மலைகளைப் பார்த்து, "இதுக்கு ஏன் தோலெல்லாம் பூஞ்சை பிடிச்சிருக்கு?" என்று கேட்டு, வீட்டுக்குப் போகணும் என்று அழுதாளாம். இதை அவளே சொல்லிச் சொல்லிக் குழுவினருக்கு மனப்பாடம்.

பள்ளியை முடிக்காமல் கடைகளில் நின்றாள். ஒரு கல்யாணம், அது நெடுநாள் ஓடவில்லை. ஸ்ட்ரானில் ஒரு பேக்கரியில் கறி மசாலா போட்ட ஸ்காலப் சிப்பியை மாவுக்குள் அடைத்துச் சுட்ட 'பை' விற்றுக்கொண்டிருந்த காலத்தில்தான் குழுவினர் மழையில் நனைந்தபடி உள்ளே வந்தார்கள். ஏற்பாடு செய்திருந்த பாமரர் கடைசி நேரத்தில் படகுக் குமட்டலுக்குப் பயந்து வரவில்லை. யாராவது ஒருவர் வேண்டும். ரோவீனா அன்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். ஒரு 'பை' வாங்கிக்கொண்டே கேட்டாள்: "நாளைக்குக் கடையை யாராவது பார்த்துப்பாங்களா?"

"எதுக்கு?"

"ஒரு மலையைப் பார்க்கணும்."

"பார்த்து?"

"எப்படி இருக்குன்னு சொல்லணும்."

"அவ்வளவுதானா? இதுக்கு ஒரு ஆபீஸ் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டவள், அடுத்த நாள் காலை முதல் ஆளாகத் துறையில் நின்றாள்.

குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பார்வை முனைக்கு ஏறும்போது யாரும் நிமிரக் கூடாது. முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்தே நடக்க வேண்டும். முனையில் தள்ளித் தள்ளி நின்றபின் ஒரே சமயத்தில் தலை நிமிர்வார்கள். அதிலிருந்து மூன்று மதிப்பெண்ணும் தகர டப்பாவுக்குள் விழும்வரை காட்சியைப் பற்றி ஒரு சொல் பேசக் கூடாது. பெருமூச்சு விடக் கூடாது. 'அடடா' கூடாது. அதற்குப் பெயர் வாய்ப்பூட்டு. உலகத்திலேயே பெரிய அருவிக்கு முன்னால் நின்றுகொண்டு, ரொட்டியில் தடவிய வெஜிமைட் அதிகமா குறைவா என்று இந்தக் குழு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

முதல் முறை லிண்டால் தலையை நிமிர்த்தினாள், பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய, வாய்ப்பூட்டை மட்டும் உடைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். டப்பா மூடியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "இது இங்கே இருக்குன்னு ஏன் யாரும் எங்ககிட்டச் சொல்லலை?" கோபமாகத்தான் சொன்னாள்.

அந்த வாக்கியம் விசாரணை அறையில் படிக்கப்பட்டது. அந்த மலை பட்டியலில் ஏறியது. எல்லோருக்கும் ஒரே எண்ணம்: இப்படி ஒரு பாமரக் கண் கிடைக்காது. அடுத்த பருவமும் அவளைக் கூப்பிட்டார்கள். அதற்கடுத்ததும். இப்படியே கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. புதுக்கண் வேண்டும் என்பதற்காகவே இருந்த நாற்காலியில் ஒரே ஆளை, அவள் அதை நன்றாகச் செய்கிறாள் என்ற காரணத்துக்காகவே, திரும்பத் திரும்ப உட்கார வைத்தார்கள். படித்த ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. லிண்டால் மட்டும் அவ்வப்போது படகில் சொல்லிச் சிரிப்பாள்: "டாஸ்மேனியாவுல என்னை மாதிரி அனுபவம் வாய்ந்த அனுபவமில்லாதவ கிடையாது." படகுக்காரன் டிக்பியும் சிரிப்பான். "அம்மணிக்கு ஒரு பட்டம் கொடுக்கச் சொல்லுங்க. முனைவர் பாமரர்!"

எப்போதிருந்து அந்தச் சிரிப்பில் சோர்வு சேர்ந்துகொண்டது என்று ரோவீனாவுக்குப் பிற்பாடு யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. லிண்டால் தன் வீட்டு வரவேற்பறையில் ஒரு மலைப் படத்தைக்கூட மாட்டவில்லை என்பது தெரியும். விடுமுறைக்கு எங்கே போனாய் என்று கேட்டால், "ஹோபார்ட்ல ஒரு பெரிய கடைவளாகம். ஜன்னலே கிடையாது. சொர்க்கம்," என்பாள். எல்லாவற்றையும் நகைச்சுவை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

கூடாரத்துக்கு வெளியே அந்தப் பேச்சு நடந்தபின், ரோவீனா மதிப்பெண் டப்பாவை அலுவலகத்துக்குக் கொண்டுபோகவில்லை. வானிலை சரியில்லை, இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று காரணம் சொன்னாள். பொய்யில்லை, மேற்குக் கரையில் வானிலை என்றைக்குச் சரியாக இருந்தது? பருவம் முடியுமுன் மூவரும் மறுபடி டால்மருக்குக் கிளம்பினார்கள்.

லிண்டால் முடிந்தவரை முயன்றாள். கிளம்புமுன் ஒரு வாரம் வீட்டுத் திரைச்சீலைகளை மூடியே வைத்திருந்தாளாம், கண்ணுக்குப் பசி எடுக்கட்டும் என்று. குத்துக்குத்தாக நிற்கும் பொத்தான்புல்லுக்கு நடுவே, முழங்கால் சேற்றில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. மழை சாய்வாக அடித்தது. ஆல்டனின் குதிகாலையே பார்த்து நடந்தாள். முனையில் போய்த் தள்ளி நின்றார்கள். நிமிர்ந்தார்கள்.

அதற்குள் மழை விட்டிருந்தது. ரோவீனா பிறகு எத்தனையோ முறை அந்தக் காட்சியை எழுத முயன்று விட்டுவிட்டாள். ஏரி கறுப்பாக இருந்தது, மலை அதற்குள் தலைகீழாக நின்றது, அதற்குமேல் சொல்ல வரவில்லை. ஆல்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவருடைய தாடை ஆடிக்கொண்டிருந்தது. லிண்டால் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏரியை அல்ல. பசித்தவள் அடுத்தவர் தட்டைப் பார்க்கிற பார்வை.

பிறகு அவள் ஏரிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இடுப்பை வளைத்து, இரண்டு கால்களுக்கு நடுவே தலையைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். தலைகீழாகப் பார்த்தால் பழகிய காட்சியும் புதிதாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த உபாயம். அறுபதைத் தாண்டிய இடுப்புக்கு அது தெரியுமா? பிடித்துக்கொண்டுவிட்டது.

"தூக்கி விடுய்யா," என்றாள், தலைகீழாகவே.

ஆல்டன் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்து நிமிர்த்தினார். "ஏம்மா, இந்த வயசுல சர்க்கஸ்ல சேரப் போறியா?"

"அங்கேயாவது கைதட்டுவாங்க."

வாய்ப்பூட்டு உடையவில்லை. இருவரும் ஏரியைப் பற்றிப் பேசவில்லையே. லிண்டால் ஒரு பாறையில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு முறை பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அப்புறம் தன் மதிப்பெண் அட்டையை எடுத்து எதுவும் எழுதாமலேயே மடித்து டப்பாவுக்குள் போட்டாள்.

கீழே கூடாரத்தில் டப்பாவைத் திறந்ததும் ஆல்டன் வெடித்தார்.

"என்ன இது? ஒன்பது, ஒன்பது, அப்புறம் வெறுங்காகிதமா? போன தடவை எட்டுன்னியே!"

"போன தடவை போட்டது என் கை. நான் இல்லை."

"யார் போட்டா என்னம்மா? அது எட்டுதான்னு உனக்கே தெரியும். உலகத்துல அது உன்னைவிட யாருக்கு நல்லாத் தெரியும்? ஒரு எட்டைப் போட்டுட்டா அந்தக் கம்பெனிக்காரன் வாயை மூடிட்டுப் போயிடுவான். நீ நேர்மையா இருக்கிறதுக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"எட்டுதான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சதைச் சொல்ல நீ இருக்கே, இவ இருக்கா. என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? தெரியாதவ ஒருத்தி பார்த்து என்ன ஆகுறான்னு பார்க்கத்தானே?"

"பாதை போட்டுட்டான்னா?"

"அப்போ இன்னொருத்தியைக் கூட்டிட்டு வா. கால் இருக்கு, படகு இருக்கு."

"பருவம் முடியப் போகுது, மழை கொட்டப் போகுது, எவ வருவா?"

"யோவ், நான் வந்தேனே," என்றாள் லிண்டால். குரல் களைத்திருந்தது. ஆல்டன் ஒரு கோப்பை டீயைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். அவள் ஒரு வாய் குடித்து, "சேறு," என்றாள். அவரும் தலையாட்டினார்.

அதற்குப்பின் நடந்தது மேற்குக் கரையில் பலருக்கும் தெரிந்ததே. பர்னி ஊரில் ஒரு சலவைக்கடையில் வேலைபார்த்த மர்லீன் என்பவள் அந்த மூன்றாவது இருக்கைக்கு வந்தாள். கடன் வாங்கிய காலணியில் காலெல்லாம் கொப்புளம். முனையில் நிமிர்ந்ததும் பின்னாலே நகர்ந்து நகர்ந்து ஒரு மரத்தில் முதுகு முட்டியபின்தான் நின்றாள். ஒன்பது போட்டாள். ஏன் என்று விசாரணையில் கேட்டபோது, "பயமா இருந்துச்சு. அது என்னைக் கவனிக்கவே இல்லை," என்றாள். கம்பெனியின் வக்கீல் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. டால்மர் பட்டியலில் ஏறியது. ஓய்வுபெற்ற லிண்டாலுக்கு ஆல்டன் தொலைபேசியில் செய்தி சொன்னார். "நல்லது," என்றாளாம். கூரைத் தகரத்தை ஆணியடிக்க ஆள் வந்திருப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாளாம்.

அடுத்த பருவத்துக்கு ஆள் எடுக்கும்போது அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே பேச்சு, மர்லீனைக் கூப்பிடு என்று. போதாததற்கு மர்லீனே இரண்டு முறை தொலைபேசியில் கேட்டிருந்தாள். ரோவீனா கூப்பிடவில்லை. தெருவில் போன வேறொருத்தரைப் பிடித்தாள், அதற்கடுத்த பருவம் இன்னொருத்தரை. சிலர் தேறவில்லை. ஒருவர் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டுக் குளிருகிறது என்றார். இருந்த நல்ல கண்ணைக் கெடுக்கிறாள், பிடிவாதக்காரி என்று ஆல்டன் உட்பட எல்லோரும் அவளை ஏசினார்கள். அவள் காரணம் சொன்னதில்லை.

காரணம், லிண்டால் எழுதாத மதிப்பெண் அட்டையைப் போட்ட அந்தப் பயணத்தில், திரும்பும் படகில் நடந்த ஒரு பேச்சு. ஆல்டன் உள்ளே தூங்கிவிட்டிருந்தார். டிக்பி சுக்கானில் இருந்தான். இரு கரையும் மழையில் சாம்பல் பூத்துக் கிடந்தன. லிண்டால் இடுப்பில் ஒரு சுடுநீர்ப் பையை அணைத்துக்கொண்டு, கரைகளைப் பார்க்காமல், தன் முழங்காலையே பார்த்தபடி வந்தாள்.

"ரோ, ஒண்ணு கேட்டா செய்வியா?"

"சொல்லு."

"புதுசா ஒருத்தியைப் பிடிப்பே. பிடிச்சுத்தான் ஆகணும். அவளைக் கூட்டிட்டுப் போய்க் காட்டு. மனசுல பட்டதைப் போடச் சொல்லு. கீழே இறங்கினதும் ஒரு நல்ல டீ குடு, ஆல்டன் போடுறது இல்லை, நல்ல டீ. கையைக் குலுக்கி வீட்டுக்கு அனுப்பிடு."

"சரி."

"இரு, முடிக்கல. மறுபடி அவளைக் கூப்பிடாதே. சுமாரா செஞ்சவளைக்கூட ரெண்டு தடவை கூப்பிட்டுக்கோ, பரவால்லை. நல்லாச் செஞ்சவளை மட்டும் கூப்பிடாதே. வர்றேன் வர்றேன்னு கெஞ்சுவா. நானும் கெஞ்சினேன், உனக்குத் தெரியாது. மூணாவது வருஷம் உங்க ஆபீஸ் பெரியவருக்கு நானே போன் பண்ணி, இந்தத் தடவையும் நானே வரட்டுமான்னு கேட்டேன். அந்த மனுஷன் சந்தோஷமாச் சரின்னுட்டார். ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்." அவள் சுடுநீர்ப் பையைத் திருப்பி வைத்துக்கொண்டாள். "அவ கெஞ்சினா, நீ முடியாதுன்னு சொல்லிடு."